லேத்தின் சத்தம் குறைப்பவர்

லேத்து வாங்குகிற மனிதன் எதையோ கடைவதற்காகத்தான் வாங்குகிறான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அப்படி வாங்கியவர் ஒருவரைக்கூட நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை என்று அர்த்தம். பட்டறை வைத்துப் பிழைப்பவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் காலையில் சுவிட்சைப் போடுவார்கள், இரும்பைச் சீவுவார்கள், மாலையில் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் சொல்வது வேறு இனம். பகலில் வேறெங்கோ கௌரவமான உத்தியோகம் பார்த்துவிட்டு, வீட்டின் பின்பக்கம் வண்டி நிறுத்துவதற்கென்று கட்டிய அறையிலிருந்து வண்டியை வெயிலுக்குத் தள்ளி, அந்த இடத்தில் ஆள் நீளத்துக்கு ஓர் இரும்பு லேத்தை இறக்கி, அதைச் சுற்றி வந்து, துடைத்து, பொட்டுத் தூசி இல்லாமல் ஊதி, ஒருமுறை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டு, "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே" என்று சொல்கிற இனம். அந்த ஒரு வாக்கியத்தோடு அவர்களுடைய கடைசல் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க நடப்பது சத்தம் குறைக்கும் வேலை.

லேத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது இரும்புத் துண்டை இறுக்கிப் பிடித்துச் சுழற்றும். சுழலும் இரும்பின் மேல் உளியை வைத்து நகர்த்தினால் வேண்டிய வடிவத்துக்குச் சீவிக் கொடுக்கும். சுழற்சிக்கும் உளியின் நகர்வுக்கும் கணக்கு தப்பாமல் இருக்க, பக்கத்தில் ஒரு தகர மூடிக்குள் சில கியர்கள் பல்லோடு பல் கோத்து ஓடும். இரும்புப் பல் இரும்புப் பல்லைக் கடித்தால் சத்தம் வரும். வறுத்த கடலையை மென்றாலே நமக்கு வருகிறதே. இதைப் புரிந்துகொள்ளப் பட்டப்படிப்பு தேவையில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் இயற்பியலில். ஆகவே தேவையில்லை என்று அதிகாரத்தோடு சொல்லக்கூடியவனும் நான்தான்.

சத்தம் குறைப்பவரைக் கூட்டத்தில் அடையாளம் காண்பது எளிது. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் நாற்காலியைப் பார்ப்பார்கள். இவர் ஃபிரிட்ஜ் இருக்கும் திசைக்குக் காதைத் திருப்புவார். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால் இடம் பிடித்து, "ரெண்டாவது கியர்ல தேய்மானம் இருக்கு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்வார். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் நீளமான ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அதன் முனையை ஓடுகிற எந்திரத்தில் வைத்து, பிடியைத் தன் காதில் வைத்துக்கொள்வார். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பாரே, அதே முகம். ஆனால் டாக்டர் சில சமயமாவது "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்பார்.

நான் கூடவே இருந்து கவனித்தவர் என் அக்காவின் கணவர். வேலை கிடைத்து ஊரைவிட்டு வந்த நான் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் தங்கியிருந்தேன். மாமாவுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை; பார்வை சோதிப்பவர். ஆளை உயர நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று நாளெல்லாம் கேட்பவர். லேத்து வந்தபிறகு அதே சோதனை காதுக்கும் வந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் பின்பக்கம் அழைத்துப்போய், லேத்துக்கு எதிரே ஒரு முக்காலியில் உட்காரவைத்துவிடுவார்.

"கண்ணை மூடிக்குங்க. இது ஒண்ணு."

கடகடகடவென்று ஓடும். நிறுத்துவார். மூடியைத் திறந்து எதையோ ஒரு மயிரிழை திருகுவார்.

"இது ரெண்டு."

கடகடகட.

"எது பரவாயில்ல? ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டுன்னு நினைக்கிறேன்."

"நினைக்காதீங்க, கேளுங்க. ஒண்ணு... ரெண்டு..."

"ஒண்ணு."

"இப்பதானே ரெண்டுன்னீங்க?"

விவரம் தெரியாமல் "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று சொன்னவர்களுக்கு மூன்றும் நான்கும் கிடைத்தன. முக்காலியிலிருந்து சீக்கிரம் இறங்க ஒரே வழி, எது கடைசியாக ஓடியதோ அதைச் சொல்லி, முகத்தில் கொஞ்சம் வியப்பையும் காட்டுவது. உறவுக்காரர்கள் இதை ஒருவருக்கொருவர் போனில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

சத்தத்தால் யாருக்குத் தொல்லை என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர் ஒரு பஸ் டிரைவர். இரவு வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். தொல்லை என்றால் முதலில் அவருக்குத்தானே? மாமா அவரையும் முக்காலியில் ஏற்றினார்.

"சார், நான் ராத்திரியெல்லாம் இஞ்சின் பக்கத்துல உக்காந்து வர்றவன். எனக்கு இது தாலாட்டு. நீங்க நிறுத்தும்போதுதான் முழிப்பு வருது."

"கூச்சப்படாம சொல்லுங்க."

"கூச்சம் இல்ல சார். நிறுத்தாதீங்க, அவ்வளவுதான்."

எனக்கு அவர் சொன்னது உடனே விளங்கியது. ஊரில் பம்புசெட் சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன் நான். மோட்டார் நின்றால்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் எழுந்து உட்காருவோம். மாமாவுக்கு விளங்கவில்லை. "பாவம், பழகிப்போயிடுச்சு அவருக்கு" என்றார். தொல்லையே இல்லை என்று பாதிக்கப்பட்டவரே சொன்னாலும் பாதிப்பைக் கண்டுபிடிக்கிற கருணை இந்த இனத்துக்கு நிறையவே உண்டு.

கருணை கிடைக்காத ஒருத்தி வீட்டுக்குள் இருந்தாள். அக்கா வீட்டிலேயே புத்தகம் பைண்டிங் செய்கிறவள். முன்னறையில் ஒரு பழைய இரும்புப் பிரஸ். கீழே ஒரு தகடு, மேலே ஒரு தகடு, நடுவில் மணிக்கட்டுப் பருமனுக்கு ஒரு திருகு, உச்சியில் பிடி. பசை தடவி ஒட்டிய புத்தகங்களை இரண்டு தகட்டுக்கும் நடுவே வைத்துத் திருகிவிட்டால், காயும்வரை மூச்சுவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி இல்லையென்றால் அட்டை வளைந்து, புத்தகம் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அந்தத் திருகைச் சுற்றிச் சுருளாக ஓடுகிற மரை தேய்ந்துபோய் வழுக்க ஆரம்பித்தது.

"மார்க்கெட் பக்கம் பட்டறைல குடுத்தா புதுசா ஒண்ணு கடைஞ்சு தந்துருவாங்க" என்றாள் அக்கா.

மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்கவேண்டும். "வீட்ல லேத்தை வெச்சுக்கிட்டு வெளியில குடுக்கறதா? கேக்கறவன் சிரிப்பான்."

"சிரிச்சிட்டுப் போறான். திருகு வந்துரும்ல?"

"நான் கடைஞ்சு தரேன். சத்தத்தை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிட்டு."

சொன்ன கையோடு பிரஸ்ஸிலிருந்து திருகைக் கழற்றி, மாதிரிக்கு வேண்டும் என்று தோளில் சாத்திக்கொண்டு பின்பக்கம் போனார். தகடுகள் இரண்டும் முன்னறையில் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. கல்லூரியில் ஆராய்ச்சி மாணவர்கள் ஆய்வேடு சமர்ப்பிக்கிற காலம் வந்துகொண்டிருந்தது. அக்காவின் தொழிலில் அதுதான் அறுவடை. மற்ற மாதங்களில் வருவதெல்லாம் உதிரி. கல்லூரி நூலகர் அம்மாள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: போன தடவை தாமதமானதை மேலே கேட்டார்கள், இந்தத் தடவையும் தாமதமானால் வேலை பெரிய தெருக் கடைக்குப் போய்விடும், போனால் திரும்பாது. திருகு வந்தாகவேண்டும். இவ்வளவுதான் கதை. இதற்கு நடுவில்தான் மாமா இருந்தார்.

அவர் சும்மா இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இனத்தில் சோம்பேறியே கிடையாது. முதலில் மெல்லிய எண்ணெய் விட்டார்; அது தெறித்துச் சுவரில் படம் வரைந்ததும் கெட்டி எண்ணெய்க்கு மாறினார்; அது ஒழுகியதும் கிரீஸுக்கு; கிரீஸ் காய்ந்ததும் கிரீஸில் மெழுகைக் காய்ச்சிக் கலந்து, கலக்கியது அக்காவின் பசை காய்ச்சும் பாத்திரத்தில் என்பதால் ஒரு சிறு வாக்குவாதத்தையும் அதில் கலந்து, பல் பல்லாகப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தடவினார்; மூடிக்கு உள்ளே பஞ்சு ஒட்டினார், வெளியே ரப்பர் ஒட்டினார், லேத்தின் காலுக்குக் கீழே பழைய டயரை வெட்டிச் செருகினார், சுவரெல்லாம் முட்டை அட்டைகளை அடித்தார். லேத்தறைக்குள் போய்ப் பேசினால் நம் குரலே நமக்கு அந்நியமாகக் கேட்டது. அங்கே பாட்டுப் பதிவு செய்யலாம். இரும்பு மட்டும் கடையமுடியாது. துகள் பறந்தால் பஞ்சில் தீப்பிடித்துவிடும் என்று அவரே எச்சரித்தார்.

அடுத்தது காகிதம். இரண்டு கியருக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து, நெருக்கி, முடுக்கி, பிறகு காகிதத்தை உருவிவிட்டால் பல்லுக்குப் பல் சரியான இடைவெளி கிடைக்கும். இது உண்மையிலேயே நல்ல உபாயம், எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். எந்தக் காகிதம் என்பதில்தான் இனம் உடைந்து கிடக்கிறது. செய்தித்தாள் என்று ஒரு கட்சி, பஸ் டிக்கெட் என்று ஒரு கட்சி, இரண்டையும் கேவலமாகப் பார்க்கிற மூன்றாவது கட்சி. மாமா எல்லாக் கட்சியிலும் இருந்து பார்த்துவிட்டு, அக்கா புத்தகங்களின் உள்தாளுக்கு வாங்கி வைத்திருந்த உயர்ரகக் காகிதத்தில் வந்து நின்றார்.

"ஏங்க, சத்தத்தோடயே கடைஞ்சு குடுத்துருங்களேன். நான் காதைப் பொத்திக்கறேன்."

"சத்தம்னா என்ன தெரியுமா? அதிர்வு. அதிர்வு இருந்தா வேலை சுத்தமா வராது." பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு மாப்ளே, டிகிரி படிச்சவன்."

அதிர்வுதான் சத்தம் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆமாம் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், என்னைப் படிக்கவைக்க எங்கள் வீட்டில் செய்ததெல்லாம் வீண் என்று தெளிவாக எழுதியிருந்தது.

இந்த வேலையில் ஒரு கொடுமை உண்டு. ஒரு சத்தத்தைக் குறைத்தால் அதற்குக் கீழே ஒளிந்திருந்த இன்னொன்று எழுந்து உட்காரும். கியர் கொஞ்சம் அடங்கியதும் பெல்ட் தட்டுவது கேட்டது. பெல்ட்டை மாற்றியதும் மோட்டாருக்குள் ஏதோ முனகியது. மோட்டாரைப் பிரித்துப் பூட்டியதும் சமையலறைக் குழாய் சொட்டுவது அவருக்குப் பின்பக்கத்திலிருந்தே கேட்டது. சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "மாப்ளே, மெல்லும்போது உன் தாடை இடதுபக்கம் ஒரு கிளிக் குடுக்குது, கவனிச்சியா?" என்றார். கவனிக்கவில்லை. அன்றிலிருந்து கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு விதி: இப்படிப்பட்ட லேத்து எதையாவது உண்டாக்கினால் அது லேத்துக்காகவே இருக்கும். ஒருநாள் மாமா உள்ளங்கையில் பளபளவென்று ஒரு வளையத்தை வைத்துக்கொண்டு வந்தார். கியர் ஆடாமல் இருக்க, அதன் துளைக்குள் செருகுகிற புஷ். வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. பொய் சொல்லக்கூடாது, கைவேலை தெரிந்தவர்தான்.

"நல்லாருக்கு" என்றாள் அக்கா. "அப்ப லேத்து ஓடுது. திருகு?"

"இதுக்கே நல்ல இரும்பா வேணும்னு தேடினேன். கடையில கிடைக்கறதெல்லாம் மட்டம். அப்புறம் பாத்தா கையிலயே வெண்ணெயை வெச்சுக்கிட்டு அலையறேன். பழைய காலத்து இரும்பு, என்னமா சீவுது தெரியுமா."

அக்கா கொஞ்சநேரம் அந்த வளையத்தையே பார்த்தாள். "எந்தப் பழைய காலத்து இரும்பு?"

மாமா வளையத்தை ஊதித் துடைத்தார். அவள் எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தாள். மாதிரிக்கென்று போன திருகு பாதியாகி நின்றது. மார்க்கெட் பட்டறைக்குக் கொடுத்தனுப்ப இனி முழுத் திருகுகூடக் கிடையாது.

"அளவெல்லாம் என் மனசுல இருக்கு" என்றார் மாமா.

இவர்களுக்கென்று ஒரு குழு உண்டு. எல்லாரும் போனில் கூடுவார்கள். மற்ற குழுக்களில் காலை வணக்கம் போடுகிற நேரத்தில் இவர்கள் தங்கள் லேத்தின் சத்தத்தைப் பதிவுசெய்து போடுவார்கள். ஒருமுறை மாமா போனை என் காதில் வைத்து அழுத்தினார்.

"கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலையே மாமா."

"அதான். இது எப்படி முடிஞ்சுது அவருக்கு?"

ஒன்றும் கேட்காத அந்தப் பதிவைப் போட்டவர் குழுவில் எல்லாரும் மதிக்கிற ஒருவர். கிரீஸ் வாத்தியார் என்று பேர். லேத்தை ஓடவிடாமலே பதிவுசெய்திருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, இரண்டு நாள் மாமா என்னோடு பேசவில்லை. கிரீஸ் வாத்தியாரின் ரகசியம் பிறகு வெளியானது. இரும்புக் கியர்களுக்கு நடுவில் ஒரு நைலான் கியர். மெத்தென்று கடிக்கும், சத்தம் வராது. கெஞ்சிக் கூத்தாடி அவரிடமிருந்தே ஒன்றை வரவழைத்தார் மாமா. வந்த பார்சலைக் கத்தரிக்கோல்கூடப் படாமல், நகத்தாலேயே முடிச்சு முடிச்சாகப் பிரித்தார்.

அதே வாரம் ஆய்வேடுகளும் வந்தன. கல்லூரி வண்டியில் வந்து, முன்னறை முழுக்க இடுப்பு உயரத்துக்கு அடுக்கப்பட்டன. அக்கா தைத்தாள், பசை தடவினாள், அட்டை போட்டாள். பிரஸ் இல்லாததால் புத்தகங்களின் மேல் செங்கல் வைத்தாள். செங்கல் போதாமல் தையல் மிஷினின் தலையைக் கழற்றி வைத்தாள். அதுவும் போதாமல் என் இரும்புப் பெட்டியை, உள்ளே என் பட்டச் சான்றிதழ் இருக்கிறதே என்று நான் சொன்ன பிறகும், தூக்கி வைத்தாள். முதல் அடுக்கைப் பிரித்தபோது எல்லா அட்டைகளும் மூலையில் சுருண்டு மேலே பார்த்தன. "மழையில நனைஞ்ச செருப்பு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி பிய்க்க உட்கார்ந்தாள். ஒப்படைக்கவேண்டியது வரும் வியாழக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை மாமா லேத்தறையிலிருந்து எல்லாரையும் கூப்பிட்டார். பஸ் டிரைவரையும் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கூட்டிவந்திருந்தார். நைலான் கியர் மாட்டப்பட்டிருந்தது. மூடியின் பஞ்சையும் சுவரின் முட்டை அட்டைகளையும் உரித்துவிட்டு, புது இரும்புத் தண்டைப் பூட்டி, திருகுக்கு மரை வெட்ட ஆரம்பித்தார். உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு அழகாக ஓர் எந்திரம் ஓடி நான் பார்த்ததில்லை. கியர் சுற்றுவதே தெரியவில்லை. உளி மட்டும் இரும்பின் மேல் சரசரவென்று, பட்டுத்துணியைக் கிழிக்கிற மாதிரி நகர்ந்தது. மாமா நெற்றி வியர்வையைத் துடைக்க மறந்து நின்றார். அக்காவின் முகத்தில்கூட ஒரு இளக்கம் வந்தது. பொழுது சாய்வதற்குள் திருகு முடிந்துவிட்டது.

"எனக்கு இனிமே தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டு டிரைவர் போனார்.

திருகை முன்னறைக்குக் கொண்டுவந்து, அது இறங்குவதற்கென்று பிரஸ்ஸின் மேலே இருக்கும் நட்டுக்குள் விட்டார் மாமா. ஒரு சுற்று இறங்கியது. இரண்டாவது சுற்றும் இறங்கியது. மூன்றாவதில் நின்றுவிட்டது.

"புதுசுல்ல, இறுக்கமாதான் இருக்கும்." எண்ணெய் விட்டார். நகரவில்லை. நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் பிடியைப் பிடித்துத் தொங்கினோம். பிரஸ்தான் நகர்ந்தது.

திருகைக் கழற்றி, மிச்சமிருந்த பழைய பாதித் திருகின் பக்கத்தில் படுக்கவைத்துப் பார்த்தேன். முதல் மரைக்கு முதல் மரை நேராக இருந்தது. போகப்போகப் புது மரை கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கோடியில் இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் போயின. உளியின் நகர்வுக்குக் கணக்கு வைப்பது கியர்தானே? கியரில் கணக்கு தப்பினால் மரையிலும் தப்பும்.

"மாமா, அந்த நைலான் கியர்ல எத்தனை பல்லு?"

மாமா எண்ணெய் டப்பாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "ஒண்ணு கம்மி."

"தெரியுமா உங்களுக்கு?"

"ஒரு பல்லுதானேன்னு விட்டேன். சரியான பல்லு உள்ளது இரும்புலதான் இருக்கு மாப்ளே. அது சத்தம் போடும்."

அக்கா மிகவும் நிதானமாகச் சொன்னாள். "சரி. அந்த இரும்புக் கியரையே மாட்டி இன்னொண்ணு கடைஞ்சிருங்க. நாளைக்கே."

"மறுபடியும் சத்தமா?" அவர் குரல் உடைந்தது. நடிப்பில்லை. "நீயே கேட்டியே, எப்படி ஓடுச்சு. அதைப் போய்..." கொஞ்சம் யோசித்தார். முகம் தெளிந்தது. இந்த இனத்தின் முகம் தெளியும்போதுதான் வீட்டில் உள்ளவர்கள் பயப்படவேண்டும். "திருகுல தப்பே இல்ல. அது சுத்தமா இருக்கு. நட்டுதான் பழைய கணக்குல இருக்கு. அதே நைலான் கியரை வெச்சு ஒரு புது நட்டு கடைஞ்சுட்டா, ரெண்டும் அம்சமா சேர்ந்துக்கும். ஒரு பித்தளைக் கட்டி மட்டும் வேணும். குழுவுல கேட்டா யாராவது அனுப்புவாங்க."

உலகத்தில் இருக்கிற நட்டெல்லாம் தப்பு என்று ஒரு மனிதன் சொல்லும்போது என்ன பதில் சொல்வீர்கள்? அக்கா பசைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாமா என் தோளில் கைபோட்டார். "கவனிச்சியா மாப்ளே? உங்கக்கா இப்பல்லாம் என்னைக்கு முடியும்னு கேக்கறதே இல்ல. புரிஞ்சுக்கிட்டா."

மறுநாள் காலை மாமா கண்ணாடிக் கடைக்குப் போனார். எனக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. அக்கா மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிட்டாள். "டேய், பிரஸ்ஸோட ரெண்டு தகட்டையும் ஒரு பலகையையும் தூக்கிட்டுப் பின்னால வா."

லேத்தறையில் அவள் லேத்தின் முன்னால் நின்று, துணிக்கடையில் புடவையைப் பார்ப்பதுபோல் அதை நீளவாக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். லேத்துக்கு இரண்டு தலை உண்டு. ஒன்று இரும்பைப் பிடித்துச் சுழற்றுவது. எதிர்க்கோடியில் இருப்பது, நீளமான இரும்பு ஆடாமல் முட்டுக்கொடுப்பது. இந்த இரண்டாவது தலையில் ஒரு கைச்சக்கரம் இருக்கும். அதைச் சுற்றினால் உள்ளிருந்து ஒரு கட்டைத் தண்டு முன்னால் வந்து முட்டும். அக்கா கைச்சக்கரத்தைச் சுற்றினாள். தண்டு வந்தது. திருப்பிச் சுற்றினாள். உள்ளே போனது. அதற்குள் இருந்த திருகின் மரை அப்பழுக்கில்லாமல் இருந்தது. அது சத்தமே போடாது என்பதால் மாமா அதன் பக்கம் போனதேயில்லை.

"பிரஸ்ஸுக்கும் இதுக்கும் என்னடா வித்தியாசம்?"

நான் யோசித்தேன். "அது நிக்குது, இது படுத்திருக்கு."

"புத்தகத்துக்கு அது தெரியவா போகுது? பிடி."

லேத்தின் தண்டவாளத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டு, காகிதம் விரித்து, அட்டை போட்ட ஆய்வேடுகளை ரொட்டித்துண்டு மாதிரி வரிசையாக நிற்கவைத்தோம். ஆள் நீள லேத்து. பழைய பிரஸ்ஸில் தவணை தவணையாகப் போகவேண்டியது இங்கே ஒரே வரிசையில் அடங்கியது. இரண்டு கோடியிலும் பிரஸ்ஸின் கனமான தகட்டை முட்டுக்கொடுத்து, அந்த இரண்டாவது தலையை நகர்த்தி நட்டு முடுக்கி, அக்கா கைச்சக்கரத்தைச் சுற்றினாள். புத்தகங்கள் ஒன்றோடொன்று நெருங்கி, பெருமூச்சு விட்டு, அடங்கின. ஓர் அட்டைகூடத் தலைதூக்கவில்லை. அவள் கையை உதறிக்கொண்டு, மோட்டாருக்குப் போகிற வயரைச் சுவரிலிருந்து பிளக்கோடு பிடுங்கி, சுருட்டி, தன் இடுப்பில் செருகிக்கொள்ள முடியாத நீளம் என்பதால் என் கையில் கொடுத்தாள்.

சாயங்காலம் மாமா வந்தார். லேத்தறை வாசலில் அப்படியே நின்றார்.

"என்ன இது?"

"பிரஸ்."

"இது லேத்து."

"சத்தம் வருதா?" என்றாள் அக்கா, தையல் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமா வாயைத் திறந்தார். கோபம் வந்து உதடுவரைக்கும் ஏறியது தெரிந்தது. ஆனால் கேள்வி அவருடைய துறையைச் சேர்ந்ததாகிவிட்டது. பதில் தெரியாமல் அவரால் கோபப்பட முடியாது. லேத்தைச் சுற்றி வந்தார். கியர் மூடியருகே குனிந்தார். நிமிர்ந்தார். பிறகு ஆய்வேடுகளின் வரிசைக்கு மேல், அட்டையில் படாமல் காதைத் தாழ்த்தி, வெகுநேரம் அசையாமல் நின்றார்.

"பசை காயறப்ப லேசா ஒரு சத்தம் வருது" என்றார்.

"வருதா? அதை எப்படிக் குறைக்கறதுன்னு பாருங்க. ஆனா வியாழக்கிழமை வரைக்கும் கை வைக்கக்கூடாது."

வியாழக்கிழமை கல்லூரி வண்டி வந்து ஆய்வேடுகளை ஏற்றிப்போனது. ஒவ்வொன்றும் பலகை மாதிரி நேராக இருந்தது. நூலகர் அம்மாள் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "புது பிரஸ் வாங்கினீங்களா?" என்று கேட்டாராம். "வீட்லயே இருந்துது" என்றாளாம் அக்கா. அடுத்த கட்டும் வந்துவிட்டது, அதற்கடுத்ததும் பேசியாகிவிட்டது. லேத்து இன்றுவரை ஒழியவில்லை. மாமா குழுவில் பசைகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார். வெவ்வேறு பசை வெவ்வேறு விதமாகக் காய்கிறதாம்.

சிரித்தீர்கள் இல்லையா? "எனக்கென்ன, என்னிடம் லேத்து இல்லை" என்றுதானே? லேத்துதான் இருக்கவேண்டும் என்று யார் சொன்னது? எழுதுவதற்கு முன் மேசையைச் சாய்வு பார்க்கிறவர், பாடுவதற்கு முன் தொண்டைக்குப் பதம் பார்க்கிறவர், ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் சுத்தியலுக்குப் பிடி மாற்றுகிறவர், எல்லாரும் உறவுக்காரர்கள்தான். ஆகவே ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் யாரோ உங்களிடம் ஒரு சின்ன வேலை சொல்லியிருப்பார்கள். முதலில் தினமும் கேட்டார்கள், பிறகு எப்போதாவது கேட்டார்கள், இப்போது கேட்பதில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது, புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று நீங்களும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எழுந்து போய், நீங்கள் அருமையாக வைத்திருக்கிற அந்தப் பொருளின் மேல் இப்போது என்ன அடுக்கியிருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.